ஊன்றுகோலும் உரித்தும் – முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. பாடலில் அவர் தம்மைக் குறித்துக் கூறிய தொடரொன்றைக் கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. பூண் பிடித்த ஊன்றுகோலை உடையவர் என்பது அதன் பொருள். பாடலோ, ஆழமான நீர்நிலையிலே துணிந்து பாய்ந்த இளமையை எண்ணி இரங்கும் முதியவர் ஒருவரின் குரல். பாய்ந்தவராகவே அவர் தம்மை நினைவுகூருகின்றார். உலகம் அவரைக் கோலூன்றியவராகவே இன்றுவரை நினைவுகூருகின்றது.

முதுமையிலே ஒருவருக்கு வேண்டப்படுவது ஊன்றுகோலா, அன்றித் தாம் யாரென்பதைத் தாமே சொல்லும் உரித்தா என்ற வினா இவ்விடத்தில் எழுகின்றது. இரண்டும் வேண்டும் என்று விடை கூறுதல் எளிது. ஆயின், நடைமுறையில் ஒன்றைக் கொடுப்போர் மற்றையதை எடுத்துக்கொள்வதே பெருவழக்காயுள்ளது. முதியோரை அவர்தம் வீடுகளிலேயே வைத்துப் பராமரிக்கும் சேவைகள் பல நாடுகளிலும் வளர்ந்துவருகின்றன. இலங்கையிலும் அவற்றுக்கான தேவை பெருகியுள்ளது. அச்சேவைகள் முதியோருக்கு வலுவூட்டுபவையாக அமைதல் வேண்டும் என்று திட்டமிடுவோர் கூறுவர். வலுவூட்டல் என்ற இச்சொல்லின் உள்ளீடு யாது? உடலின் வலு நாளுக்குநாள் குறைந்து செல்லும் ஒருவருக்கு எந்த வலுவை ஊட்டமுடியும்?

இலங்கையில் 65 வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மொத்தச் சனத்தொகையில் 7.9 சதவீதத்தினராயிருந்தனர். 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அவர்கள் 12.6 சதவீதத்தினராயினர். பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. வடபகுதியிலோ இவ்வெண்களுக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கிருந்து இளந்தலைமுறையினர் பெருந்தொகையாகக் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய் மூன்று நாடுகளின் நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் நிலை அங்கு புதுமையன்று. காசு வருகின்றது, ஆள் வருவதில்லை.

பண்டைய கூட்டுக்குடும்பத்தில் முதியோர் மதிப்புடன் வாழ்ந்தனரென்றும், நவீன காலமே அவர்களைத் தனியராக்கிற்றென்றும் கூறுவது மேடைப் பேச்சுக்குப் பொருந்தும். உண்மை அத்துணை எளிதன்று. நிலவுடைமைச் சமூகத்திலே முதியவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பிற் பெரும்பங்கு அவரது கையிலிருந்த காணிக்கு உரியது. காணியற்ற கூலியாளின் முதுமை எக்காலத்திலும் போற்றப்பட்டதில்லை. கைம்பெண்ணின் முதுமையோ அடுப்படியோடு ஒடுங்கிற்று. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதனை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் எழுதுவித்த உறுதிகளே சான்று. 1707இல் ஒல்லாந்தராட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமையின் வழிவந்த அச்சமூகத்தில் மகளின் திருமணத்தின்போது வீடுவளவு சீதனமாக எழுதப்படுவது வழக்கம். அவ்வாறு எழுதும்போது தம் சீவிய உரித்தை ஒதுக்கிவைத்தே எழுதியோர் பலர். ஆதனம் மகளுக்கு உரியது. ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அதனை அநுபவிக்கும் உரித்து அவர்களிடமே நிற்கும். நொத்தாரிசின் வரண்ட மொழியிலே கிடக்கும் இவ்வாசகத்தில் ஆழ்ந்த அறவியல் அறிவொன்று பொதிந்துள்ளது. மகளின் அன்பிலே ஐயங்கொண்டு மட்டும் அவர்கள் அவ்வாறு எழுதினர் என்று கொள்ளவேண்டியதில்லை. அன்பை மாத்திரம் நம்பி ஒருவர் வாழ்வது, அன்பு செலுத்துவோருக்கும் பெரும்பாரமாகிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

வீட்டின்மீது சீவிய உரித்தை எழுதிவைத்த சமூகம், நாளின்மீது அத்தகைய உரித்தொன்றை எழுதிவைக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, கறிக்கு எவ்வளவு புளி விடுவது, படலையைத் திறந்து எவரை உள்ளே அழைப்பது, இரவில் விளக்கை எப்போது அணைப்பது என்பன எந்த உறுதியிலும் இடம்பெறுவதில்லை. நோய்வாய்ப்பட்டதும் முதலிற் பறிபோவன இவையே. இவை அற்பமானவை என்று கருதுவோர், தம் நாளொன்றை இவற்றையெல்லாம் பிறர் தீர்மானிக்க விட்டுக் கழித்துப் பார்த்தல் தகும். வீட்டுப் பராமரிப்பு ஏற்பாடு எதனையும் சோதித்தற்கு உரைகல்லாக ஒரு வினாவைக் கொள்ளலாம். பராமரிப்பு வந்துசேர்ந்த பின்னர், அந்த நாள் எவருடைய நாளாயிருக்கின்றது?

அமெரிக்க அறவியலாளர் பார்ட் கொலப்பி 1988இல் எடுத்துக்காட்டிய வேறுபாடொன்று இங்கு பெரிதும் பயன்படும். நீண்டகாலப் பராமரிப்பிலே தன்னாட்சி என்பது யாதென ஆராய்ந்த அவர், தீர்மானிக்கும் தன்னாட்சியையும் செயற்படுத்தும் தன்னாட்சியையும் பிரித்து நோக்கினார். நடக்க இயலாத ஒருவர் எங்கே செல்வது என்பதைத் தீர்மானிக்க வல்லவர். கை நடுங்கும் ஒருத்தியால் அளவாக உப்பிட முடியாது போகலாம். எவ்வளவு உப்பு என்று அவளாற் சொல்லமுடியும். செயற்படுத்தும் ஆற்றல் குன்றியதும் தீர்மானிக்கும் ஆற்றலும் குன்றிற்றென்று கொள்வதே பராமரிப்போர் பெரும்பாலும் விடும் தவறு. கொடுமையால் விளையும் தவறன்று இது. சட்டை மாட்டிவிடுபவர், எந்தச் சட்டையென்று கேட்டு விடைக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தை மிச்சம்பிடிப்பதால் விளைவது. அந்த அரை நிமிடங்கள் சேர்ந்து ஒரு மனிதரை அவரது வீட்டிலேயே பொருளாக்கிவிடுகின்றன.

மேனாட்டு மெய்யியலில் இமானுவேல் கான்ற் முதலாகத் தன்னாட்சியைப் பற்றி எழுதியோர் மனக்கண்முன் நிறுத்திய மனிதன் பெரும்பாலும் உடல்நலமுள்ளவன், எவரையும் சாராதவன். தன் காற்சட்டையை அவன் தானே மாட்டிக்கொள்கிறான் என்பதை அவர்கள் சொல்லாமலே எடுத்துக்கொண்டனர். சார்ந்து வாழ்தல் தன்னாட்சிக்கு மாறானது என்ற மயக்கம் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அமைச்சர்கள் தம் வாகனத்தைத் தாமே ஓட்டுவதில்லை. அதனால் அவர்கள் சுதந்திரம் இழந்தவர்களென்று எவரும் இரங்குவதுமில்லை.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரொடின் என்னும் இரு உளவியலாளர் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து முதியோர் விடுதியொன்றில் நடத்திய ஆய்வு பாடநூல்களிற் புகழ்பெற்றது. ஒரு மாடியில் இருந்தோருக்கு அவர்தம் அறையும் பொழுதும் பற்றிய பொறுப்பு அவர்களுடையதே என்று எடுத்துரைக்கப்பட்டது. விரும்பின் ஒரு செடியைத் தெரிந்தெடுத்துத் தாமே வளர்க்கவும் இடமளிக்கப்பட்டது. மற்றொரு மாடியில் இருந்தோருக்கு எல்லாவற்றையும் பணியாளர் பார்த்துக்கொள்வர் என்று கூறப்பட்டது. அவர்களுக்கும் செடி கிடைத்தது, நீரூற்றியவர்கள் தாதியர். மூன்று வாரங்களின் பின்னர் முதற்பிரிவினரிடம் கூடிய உற்சாகம் காணப்பட்டது. பதினெட்டு மாதங்களின் பின் அப்பிரிவில் மரணங்களும் குறைவு என்ற செய்தியே பலரும் விரும்பி எடுத்தாள்வது. அப்புள்ளிவிபரக் கணிப்பிலே பிழை இருந்தமை ஆசிரியர்களாலேயே பின்னர் திருத்தப்பட்டதென்பதையும், திருத்தத்தின் பின் அம்முடிவின் வலிமை குறைந்ததென்பதையும் எடுத்தாள்வோரிற் பலர் கூறுவதில்லை. கூறியிருப்பின் அவர்கள் வாதம் கெட்டுவிடாது. ஆயுளை நீடிக்கின்றது என்பதற்காகத்தான் செடிக்கு நீரூற்றும் உரித்தை முதியவருக்குக் கொடுக்கவேண்டுமெனின், நீடிக்காதவிடத்து அதனைப் பறித்துக்கொள்ளலாம் என்றாகும். உரித்தை மருந்தாகக் கருதுவோர் இவ்வாறுதான் இடறுவர்.

நாடு தழுவிய அளவில் இவ்வினாவை எதிர்கொண்ட தேசங்களுள் டென்மார்க் குறிப்பிடத்தக்கது. பழைய மாதிரியான முதியோர் விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதை 1980களின் இறுதியிலே சட்டத்தால் நிறுத்திய அந்நாடு, வீட்டுக்கே சென்று உதவும் சேவையை விரிவுபடுத்திற்று. 2008இல் பிரெடரீசியா நகரசபை மேலும் ஒரு படி சென்றது. உதவி கோரும் முதியவரிடம் என்ன உதவி வேண்டுமென்று கேட்பதைவிடுத்து, எதனை மீண்டும் தாமே செய்ய விரும்புகின்றார் என்று கேட்கத் தொடங்கினர். இயன்மருத்துவரும் பராமரிப்பாளரும் வீட்டுக்கே சென்று அதற்கான பயிற்சியைக் குறுகிய காலத்துக்கு அளித்தனர். 2015 முதல் இது நாடு முழுவதற்கும் உரிய சட்டமாயிற்று. வீட்டுதவி வழங்குவதற்கு முன்னர் இத்தகைய பயிற்சியாற் பயனுண்டா என ஆராய்வது நகரசபைகளின் கடமையாக்கப்பட்டது.

இத்திட்டத்தைப் புகழ்வோர், அதனால் மீதமாகும் பணத்தையும் சேர்த்தே புகழ்வர். ஐயம் எழவேண்டிய இடமும் அதுவே. தொண்ணூறு வயதுப் பெண்ணொருத்தி தானே குளித்து உடுத்துவதற்குப் பயிற்றப்படுகின்றாள் என்று கொள்க. அதற்கு ஒரு மணி நேரமும் அன்றைய வலிமை முழுவதும் செலவாகின்றன. பிறரொருவர் குளிப்பாட்டிவிட்டால், எஞ்சிய வலிமையைக் கொண்டு அவள் தேவாலயத்துக்குச் செல்வாள்; அல்லது பழைய தோழியோடு பேசியிருப்பாள். தானே குளித்தல்தான் வலுவூட்டல் என்று அவளுக்கு விதித்தவர் யார்? தன்னுதவி கடமையாக்கப்படுமிடத்து, வலுவூட்டல் என்ற பெயரிலேயே வலு பறிக்கப்படுகின்றது. பிரெடரீசியாவின் வினா நல்ல வினாவே. ஆயின், “எதனையும் நானே செய்ய விரும்பவில்லை, பத்திரிகை வாசிக்கவே விரும்புகிறேன்” என்ற விடையையும் ஏற்கும் மனம் வினவுவோருக்கு இருத்தல் வேண்டும். நகரசபையின் வரவுசெலவுத் திட்டம் அவ்விடையை எளிதில் ஏற்பதில்லை.

எந்த ஏற்பாட்டிலும் இறுதியாகத் தீர்ப்புச் சொல்வது நேரம். இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்கள் பராமரிப்பைத் தனியார் கம்பனிகளிடம் விலைக்கு வாங்குவது பெருவழக்கு. பதினைந்து நிமிட வருகை என்பது அங்கு நெடுங்காலமாகக் கண்டனத்துக்கு உள்ளாகிய வழக்கம். அரைமணிக்குக் குறைந்த வருகைகள் சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களிலன்றி இருத்தலாகாதென 2015இல் அந்நாட்டின் சுகாதார வழிகாட்டல் நிறுவகம் அறிவுறுத்தவேண்டியிருந்தது. பதினைந்து நிமிடத்தில் ஒருவருக்கு உடைமாற்றிவிடலாம். அவரே பொத்தானைப் பூட்டும்வரை காத்திருக்க முடியாது.

இவ்வாறு பணி நிமிடக் கணக்கிலே துண்டாடப்படுவதைப் பொறாத யொஸ் டி புளொக் என்ற தாதி உத்தியோகத்தர் நெதர்லாந்தில் 2006இல் பூர்ட்சொர்க் என்ற அமைப்பை நிறுவினார். அயற்பராமரிப்பு என்பது அப்பெயரின் பொருள். பன்னிரண்டு பேருக்கு மேற்படாத தாதியர் குழுவொன்று ஒரு சுற்றாடலுக்குப் பொறுப்பாயிருக்கும். அவர்களுக்கு மேலாளர் இல்லை. வேலை ஒழுங்குகளை அவர்களே தீர்மானிப்பர். நிருவாகவியலாளர் இதனைப் பெரிதும் போற்றுவர். அறவியல் நோக்கில் இதன் முக்கியத்துவம் வேறு. தன் வேலையைத் தீர்மானிக்கும் உரித்தற்ற ஒருத்தியால் இன்னொருவரின் உரித்தை மதிப்பது அரிது. மேலிருந்து வந்த பட்டியலை நிறைவேற்றும்படி ஏவப்பட்டவள், நோயாளியிடத்தும் அப்பட்டியலையே நிறைவேற்றுவாள்.

இலங்கையில் இச்சிக்கல் வேறோர் உருக்கொள்கின்றது. இங்கு வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசன்று, பிள்ளை. வீட்டில் வந்து நிற்கும் பெண் வறிய குடும்பத்தவள். போரிலே கணவனை இழந்தவளாயிருக்கலாம். தாழ்த்தப்பட்ட சாதியினளாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவளுக்கு நியமனக் கடிதமில்லை, சேமலாப நிதியில்லை, விடுமுறை நாள் எதுவென்ற நிச்சயமுமில்லை. அத்தகையவளை முன்னால் நிறுத்தி முதியவருக்கு வலுவூட்டுவது என்றால் அது எந்த வலு? தனிக்குவளையிலே தேநீர் கொடுக்கும் வழக்கத்தை மீட்டெடுக்கும் வலுவா? தன் வாழ்வின்மீது ஒருவருக்குள்ள ஆற்றலும் பிறர் வாழ்வின்மீது அவர் செலுத்தும் அதிகாரமும் வெவ்வேறானவை. எந்தச் சேலையை உடுப்பது என்று தீர்மானித்தல் முதலாவதில் அடங்கும். உடுத்திவிடுபவள் கிணற்றைத் தொடலாகாதென்பது அதில் அடங்காது. முதியோர் உரிமை பற்றிப் பேசுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

இவ்விருவருக்கும் மேலே மூன்றாமவர் ஒருவர் உளர். சம்பளம் ரொறொன்ரோவிலிருந்து வருகின்றது. கட்டளையும் அங்கிருந்தே வருகின்றது. விறாந்தையின் மூலையிலே சிறிய கமராவொன்று பொருத்தப்படுகின்றது. அம்மா கிணற்றடிக்குப் போகக்கூடாது. அம்மாவுக்குத் தேநீரில் சீனி போடக்கூடாது. அம்மா தனியே கோயிலுக்குப் போகக்கூடாது. பணிப்பெண் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதிலும் தொலைபேசியைப் பார்த்தே நடந்துகொள்கின்றாள். சீவிய உரித்துள்ள வீட்டிலேயே அம்மா விருந்தாளியாகின்றாள்.

மகனின் நியாயத்தையும் இலேசாகத் தள்ளிவிடமுடியாது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவன் வந்துசேர நாட்கள் செல்லும். அகதி விண்ணப்பம் தீராதவனாயின் செத்தவீட்டுக்குத்தானும் வரமுடியாது. தொலைவிலிருப்பவனின் அச்சம் அருகிலிருப்பவனின் அச்சத்திலும் பெரிது. தடுப்பதைத் தவிர அவனாற் செய்யக்கூடியது வேறில்லை. ஆயினும், எழுபது ஆண்டுகள் கிணற்றடியிலே குளித்துவந்த ஒருத்திக்கு, வாளியால் அள்ளித் தலையில் வார்க்கும் தண்ணீருக்கும் குளியலறைக் கதிரையில் இருத்திப் பிறர் ஊற்றும் தண்ணீருக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்த வைத்திய அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை. ஆபத்து அவளது உடலுக்கு உரியது. அதனை ஏற்பதா என்ற தீர்மானமும் முதலில் அவளுக்கே உரியது.

இங்கு தடையாய் நிற்பது மகனின் அன்பு மாத்திரமன்று. அம்மா விழுந்தாற் பழி பணிப்பெண்ணின் தலையில் விழும். தன் பிழைப்புக்கு அஞ்சியே அவள் அம்மாவைக் கதிரையில் இருத்துகின்றாள். எனவே, அம்மாவின் சுதந்திரத்துக்கு முதல் நிபந்தனை பணிப்பெண்ணின் பாதுகாப்பே என்ற முடிவுக்கு வரவேண்டியுள்ளது. கிணற்றடியிலே பாசியை உரைஞ்சி, சொரசொரப்பான தளமிட்டு, பிடித்து நிற்கக் கம்பியொன்று பொருத்துதல் ஒரு மேசனின் ஓரிரு நாள் வேலை. எந்தெந்த ஆபத்தைத் தான் அறிந்தே ஏற்கின்றாள் என்பதை அம்மாவும் பிள்ளைகளும் பணிப்பெண்ணும் முற்கூட்டியே கலந்துபேசி எழுதிக்கொள்வதுதான் கடினம். உறுதி எழுதிப் பழகிய சமூகத்துக்கு அது முடியாத காரியமன்று.

நினைவு தவறிய பின்னர் என் செய்வது? வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டுவந்த ஒருவர், மறதிநோய் கண்டபின், அயல்வீட்டு மீன்குழம்பின் வாசனையிலே அது வேண்டுமென்று கேட்கின்றார். கொடுக்கலாமா? தெளிந்த அறிவோடிருந்த காலத்தில் ஒருவர் தம் வாழ்வுக்கு வகுத்த வடிவமே பின்னாளிலும் மதிக்கப்படவேண்டுமென்று ரொனால்ட் ட்வோர்க்கின் 1993இல் வாதித்தார். அவர் வழி நின்றால் மீன் கொடுத்தலாகாது. நினைவு சிதைந்தோரிடத்தும் ஒன்றை மதிப்புடையதெனக் கருதும் ஆற்றல் எஞ்சியிருக்கலாம், அஃது உள்ளவரை அவர்தம் இன்றைய குரலுக்குச் செவிசாய்க்கவேண்டும் என்று அக்னியெஸ்கா யாவோர்ஸ்கா 1999இல் மறுத்துரைத்தார். அவ்வாறாயின் மீன்குழம்பின்மீது எழுந்தது நாவின் விருப்பு மாத்திரமா என்று ஆராயவேண்டியிருக்கும். காலையில் எழுந்ததும் அவர் இன்னமும் திருநீற்றைத் தேடுகின்றாரா? தேடுகின்றாரெனின் பழைய மதிப்பீடு இன்றும் அவரிடத்து உயிரோடுள்ளது. மீனை மறுப்பது இன்றைய அவரை அடக்குவதாகாது. தேடாதவிடத்து வழக்கு மாறும். மீனை மறுப்பதாற் காக்கப்படுவது அவரது மானமா, குடும்பத்தின் மானமா என்று கேட்கவேண்டிவரும். இவற்றைக் கண்டறிதற்கு உடனிருப்பவளின் நெடுநாட் பழக்கம் வேண்டும். மாதத்துக்கொருமுறை மாறும் பணியாளருக்கு அது வாய்ப்பதில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாதென விதிக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கென அமைந்த சபையின்முன் செல்லவும் அச்சட்டம் வழிசெய்கின்றது. பிள்ளைகளிடமும் பணமில்லாதோருக்கு இதனால் விளையும் பயன் சிறிது. மலையகத்துத் தோட்டங்களிலே லயன் அறையொன்றிற் பேரப்பிள்ளைகளோடு நெருக்குண்டு படுக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு, நாளைத் தீர்மானிக்கும் உரித்துக்கு முன்னர் கட்டிலொன்று போடும் இடம் வேண்டும். பணமுள்ள குடும்பங்களிலோ, அப்பணம் வாங்கித்தரும் பராமரிப்பை எவர் நடத்துவது என்ற வினாவுக்குச் சட்டம் விடை தருவதில்லை.

கிராம மட்டத்திலே முதியோர் சங்கங்கள் ஏலவே உள்ளன. பிள்ளை அனுப்பும் பணம் பணிப்பெண்ணின் கைக்கு நேரே செல்லாது அத்தகைய சங்கமொன்றினூடாகச் செல்லுமாயின் நிலைமை ஓரளவு மாறலாம். சம்பளமும் விடுமுறையும் சங்கத்தின் பொறுப்பாகும். ஒருத்தி நோயுற்றால் இன்னொருத்தி செல்வாள். அன்றாட வேலையைச் சொல்லும் உரித்து வீட்டிலுள்ள முதியவரிடம் இருக்கும். பிள்ளைக்குச் செய்தி போகும்; கட்டளை வராது. ஆயின், அச்சங்கத்துக்குத் தலைவராக வருபவர் யார்? பெரும்பாலும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தராகிய ஊர்ப்பெரியவரே. எந்த வீட்டுக்கு எந்தப் பெண்ணை அனுப்புவது என்ற பேச்செழும்போது ஊரின் பழைய கோடுகள் மீண்டும் தலைகாட்டும். படலைக்கு வெளியே வராத மூதாட்டியின் குரலை அங்கு எடுத்துச்செல்வார் எவர் என்பதும் தெளிவில்லை. கூட்டங்கள் நடைபெறும் சனசமூக நிலையங்கள் பலவற்றின் வாசலிற் படிகள் உள்ளன. அவற்றில் ஏறமுடியாதவர்களுக்கே இச்சேவை தேவைப்படுகின்றது.